மாமனாருக்கு மணப்பெண் அலங்காரம்

மாமாவுக்கு நான் முதன்முதலில் மேக்கப் போட்டது டாக்டருக்காக. இப்படிச் சொன்னால் ஏதோ டாக்டர் அவரைக் கட்டிக்கொள்ள வந்த மாதிரி இருக்கும். மாமாவும் என்னவோ அப்படித்தான் நடந்துகொண்டார்.

மாமா என்றால் என் மாமனார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக்கொடி காட்டுகிற ஆள். "எஞ்சின்ல உக்காந்திருக்கறவன் என்ன பெரிய ஆளு? நான் பச்சை காட்டலைன்னா அவன் அங்கேயே நின்னு ஊத வேண்டியதுதான்" என்பார். அவருடைய இளைய மகன் என்னைக் கட்டிக்கொண்டு, கொஞ்ச காலம் நன்றாக வைத்திருந்து, சொல்லாமல் கொள்ளாமல் மாரடைப்பில் போய்விட்டார். நடுவில் இருந்த பெட்டி கழன்ற பிறகும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தண்டவாளத்தில் நின்றுவிட்டோம். எனக்குப் போக்கிடம் இல்லை என்று நான் சொல்வேன். "எனக்கு இருக்கு. ஆனா உன்னைத் தனியா விட்டா ஊர்ல உள்ள மூஞ்சியை எல்லாம் கெடுத்துடுவே" என்று அவர் சொல்வார்.

வீடு அவருடையது. முன்னறையில் என் பியூட்டி பார்லர். சாய்கிற நாற்காலி ஒன்று, சாயாத நாற்காலி ஒன்று, சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி, ஓரம் உடைந்த வாஷ்பேசின். மணப்பெண் அலங்காரம்தான் என் பிழைப்பு. சுமாரான முகத்தைச் சூப்பராக்கிக் காட்டுவேன். மறுநாள் காலையில் மாப்பிள்ளை பார்க்கப்போகிற முகத்துக்கு நான் பொறுப்பல்ல. மாமா எனக்கு வைத்த பெயர் 'பவுடர்'. வாடிக்கையாளர் முன்னாலேயே, "ஏ பவுடர், டீ இருக்கா?" என்று கத்துவார்.

மாமா ஒரு நாள் குளியலறையில் மயங்கி விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் செய்தி மூத்தவருக்குப் போய்விட்டது. மூத்தவர் என்பது என் கணவரின் அண்ணன். விமானத்தில் போகிற தூரத்தில் வேறு ஊரில் பெரிய வேலையில் இருக்கிறார். நல்ல மனிதர். கவலையைக்கூடத் திட்டம் போட்டுத்தான் படுவார். அடுத்த வாரமே ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. விரலில் மாட்டுகிற கிளிப், கையில் சுற்றுகிற பிரஷர் பட்டை, எடை பார்க்கும் பலகை, நிறுத்தி வைக்கக் காலோடு ஒரு டேப்லெட். காலையில் மாமா இவற்றையெல்லாம் மாட்டிக் கழற்ற வேண்டும். கணக்கு தானாகவே போய்விடும். வாரம் ஒரு முறை டேப்லெட்டில் ஒரு டாக்டரம்மா வந்து பேசுவார். மூத்தவரின் போனில் மாமா ஒரு சின்னப் புள்ளியாகத் தெரிவார். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் ஓடு.

"காலைல பல்லு விளக்கறதுக்கு முன்னாடி அப்பாவோட புள்ளியைப் பாத்துடறேன்மா" என்றார் மூத்தவர் என்னிடம். "பச்சையா இருக்கற வரைக்கும் அவர் அங்கயே இருக்கட்டும். மாறிடுச்சுன்னா இங்க எங்க பக்கத்துலயே ஒரு முதியோர் இல்லம் இருக்கு. தோட்டமெல்லாம் இருக்கு."

"தோட்டம் எனக்கு எதுக்கு? நான் என்ன செடியா?" என்றார் மாமா, போன் வைத்த பிறகு.

மாமா இல்லத்துக்குப் போனால் வீடு விற்கப்படும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். முன்னறையை மட்டும் விட்டுவிட்டு மீதி வீட்டை யார் வாங்குவார்கள்? ஆகவே அந்தப் பச்சைப் புள்ளியில் என் சாய்கிற நாற்காலியும் உட்கார்ந்திருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் ஏதோ பாசத்தில் மட்டும் செய்ததாக யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது.

முதல் வீடியோ அழைப்பன்று டேப்லெட்டின் மூலையில் தன் முகத்தைப் பார்த்து மாமா திடுக்கிட்டார்.

"யாரு இந்தக் கிழவன்? செத்தவன் மாதிரி இருக்கான்."

"கேமரா அப்படித்தான் மாமா காட்டும்."

"டாக்டருக்கும் அப்படித்தானே காட்டும்? பவுடர், கல்யாணப் பொண்ணுங்களுக்கு என்னமோ பண்றியே, அதை எனக்குப் பண்ணு."

"உதட்டுக்குச் சாயம் வேணுமா?"

"நக்கலா? ஓடற வண்டி மாதிரி தெரியணும். அது போதும்."

சாய்கிற நாற்காலியில் உட்கார வைத்தேன். கழுத்தில் துணி கட்டினேன். கண்ணுக்குக் கீழே இருந்த குழியை மறைத்து, கன்னத்தில் கண்டும் காணாமல் ஒரு சிவப்பு ஏற்றி, மணப்பெண்களைப் படமெடுக்க வைத்திருக்கும் வட்ட விளக்கை எதிரே வைத்தேன். மேக்கப் போட்டதே தெரியக் கூடாது, அதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம். தெரியவில்லை. திரையில் வந்த டாக்டரம்மா, சின்ன வயசுப் பெண், "ஐயா என்ன இவ்வளவு ஃப்ரெஷ்ஷா இருக்கீங்க!" என்றார். இன்னொரு கட்டத்தில் மூத்தவர் சிரித்தார். "அப்பா, நீங்க என்னைவிட இளமையா இருக்கீங்க." எனக்குப் பெருமை தாங்கவில்லை. எந்த மணப்பெண்ணின் மாமியாரும் என் வேலையை இப்படிப் பாராட்டியதில்லை.

அதிலிருந்து அது வாராந்தர வேலையாகிவிட்டது. மாமா காலையிலேயே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு என் நாற்காலிக்கு வருவார். பார்லருக்கு வரும் பெண்கள் பழகிவிட்டார்கள். "தாத்தா, இன்னிக்கு யாரோட கல்யாணம்?" என்று கேட்பார்கள். "வாராவாரம் எனக்குத்தான். பொண்ணுதான் இன்னும் ஓகே சொல்லலை" என்பார்.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகத்தில் வேண்டாத நிறம் இருந்தால் அதன்மேல் வெறுமனே அப்பினால் மறையாது. அதை வேறொரு நிறத்தால் அடிக்க வேண்டும். சிவந்த பருவுக்குப் பச்சைக் களிம்பு. கருவளையத்துக்கு ஆரஞ்சு. முகம் மஞ்சளாக வெளிறியிருந்தால் ஊதா. மெலிதாகத் தடவி அதன்மேல் ஃபவுண்டேஷன் போட்டால் மஞ்சள் இருந்த இடம் தெரியாது. ஊதா அதிகம் செலவாகாது. ஒரு ட்யூப் வாங்கினால் அது காய்ந்துபோகிற வரைக்கும் வரும்.

மாமாவுக்கு ஊதா தேவைப்பட ஆரம்பித்தது. முதலில் கன்னத்தில் மட்டும். வயசானால் தோல் மங்கும் என்று நினைத்தேன். பிறகு நெற்றி. பிறகு கழுத்து. கழுத்தில் தடவும்போது நகம் கீறிய கோடுகளைப் பார்த்தேன்.

"என்ன மாமா இது, பூனை வளர்க்கறீங்களா?"

"அரிப்பு. உன் சோப்பு சரியில்லை."

சோப்பை மாற்றினேன். கண் ஆபரேஷனின்போது கொடுத்த கறுப்புக் கண்ணாடியை எங்கிருந்தோ தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். "உன் வட்ட விளக்கு கூசுது" என்றார். விளக்கைத் தள்ளி வைத்தேன். கண்ணாடி போகவில்லை. ரொட்டியில் பாதியைப் பூந்தொட்டியில் கிள்ளிப் போடுவதைப் பார்த்தேன். "குருவிக்கு" என்றார். எங்கள் வீட்டுப் பக்கம் குருவி வந்து பல வருஷமாகிறது.

இன்னொரு பக்கம் என் கடை ஷட்டரின் இரும்புப் பூட்டு காலை நேரங்களில் காணாமல் போய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. எனக்குத்தான் மறதி முற்றிவிட்டது என்று பயந்தேன். ஒரு நாள் தேடிக்கொண்டு உள்ளே போனால், மாமா எடைப் பலகையின் மேல் விறைப்பாக நிற்கிறார். கால்சட்டைப் பை என் பூட்டின் கனத்தில் தொங்குகிறது. கையில் என் ஷாம்பூ கேன்.

"என்ன மாமா பண்றீங்க?"

"வண்டியில லோடு ஏத்தறேன்" என்றார், அசையாமல். "பேசாதே, கணக்கு தப்பிடும்."

நான் சிரித்துவிட்டேன். அதுதான் நான். வீடு தீப்பிடித்தாலும் முதலில் வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்பேன். இத்தனை வருஷம் கார்டாக இருந்தவர் கள்ளச் சரக்கு ஏற்றுகிறாரே என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார். ஷாம்பூ கேனைக் கீழே வைக்கும்போது வயிற்றின் மேல்பக்கம் கையை அழுத்திக்கொண்டார். அதையும் பார்த்தேன். பார்க்காத மாதிரி பூட்டை வாங்கிக்கொண்டு போய் ஷட்டரைத் திறந்தேன்.

டாக்டரம்மா கெட்டிக்காரப் பெண்தான். ஒவ்வொரு முறையும் கேட்பார். "பசி எப்படி ஐயா?"

"யானைப் பசி."

"சிறுநீர் நிறம் மாறியிருக்கா?"

"குழாய்த் தண்ணி மாதிரி இருக்கு. வேணும்னா பாட்டில்ல பிடிச்சு அனுப்பட்டுமா?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பிரஷர் சரி, நாடி சரி, விரல் கிளிப் சரி, எடையும் சரி. திரையில் இருக்கிற முகம் பளபளவென்று இருக்கிறது. புள்ளி பச்சை. யாராக இருந்தாலும் அதற்கு மேல் என்ன கேட்பார்கள்?

ஒரு நாள் மாமாவின் கழுத்துக்கு வந்தபோது ஊதா ட்யூப் தீர்ந்துபோனது. பிதுக்கிப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. அன்றைக்கு எப்படியோ சமாளித்துவிட்டு, அடுத்த அழைப்புக்கு முதல் நாள் கடைத்தெருவில் எங்களுக்குச் சரக்குக் கொடுக்கிற மொத்த வியாபாரியிடம் போனேன். அவன் ட்யூபை எடுத்துக்கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"என்னக்கா, ஊதாவா அள்ளிட்டுப் போறீங்க? போன தடவை வாங்கினதே அப்பதானே? உங்க ஏரியாப் பொண்ணுங்களுக்கெல்லாம் மஞ்சக் காமாலையா?"

அவன் சிரித்தான். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்குச் சிரிப்பு வராமல் போனது என் கணவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று. அதற்குப் பிறகு அந்தக் கடை வாசலில்தான்.

வீட்டுக்கு வந்தபோது மாமா கொல்லைப்புறத்தில் வெயிலில் நாற்காலி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மேக்கப் இல்லாத நாள். கறுப்புக் கண்ணாடி மடியில் கிடந்தது. என்னுடைய தொழிலே முகத்தைப் பார்ப்பதுதான். இத்தனை வாரமாக அந்த முகத்தைப் பல்பு வெளிச்சத்தில், எங்கே எவ்வளவு தடவ வேண்டும் என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். வெயிலில் அது பழைய செய்தித்தாள் மாதிரி இருந்தது. காலடிச் சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறந்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமும் மஞ்சள்.

"மாமா" என்றேன். "எத்தனை நாளா?"

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்தார். மாட்டவில்லை. "உன் கடையில முகம் பாக்கற கண்ணாடி இருக்கு, சரி. என் ரூம்லயும் ஒண்ணு இருக்கும்மா" என்றார். அவர் என்னைப் பவுடர் என்று கூப்பிடாதது அப்போதுதான் உறைத்தது.

"தெரிஞ்சுமா என்கிட்ட போட்டுக்கிட்டீங்க?"

"உனக்கும்தான் தெரியும்."

"எனக்குத் தெரியாது."

"சரி, தெரியாது" என்றார், குழந்தைக்கு விட்டுக்கொடுப்பது போல.

நான் அழுதேன், கத்தினேன், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாளைக்குத்தான் டாக்டரோட வீடியோ கால் இருக்கே. பெரியவன் நாளைக்கு முடிவு சொல்றேன்னு சொல்லியிருக்கான். இங்கயா, அங்கயான்னு. அது ஒண்ணு முடியட்டும். இங்கதான்னு சொல்லிட்டா, மறுநாளே நீ கூப்பிடற ஆஸ்பத்திரிக்கு வரேன். இந்தத் தண்டவாளத்துலயே நிக்கணும் எனக்கு. அந்தத் தோட்டத்துல போய் யார்கிட்ட நான் டீ கேட்பேன்?"

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது. ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் புது ட்யூபைத் திறந்தேன். நிறையத் தேவைப்பட்டது. காதுக்குப் பின்னால், கைகளின் மேல்புறம், சட்டைக் காலருக்குள்ளே. மாமா கண்ணை மூடி, முகத்தை எனக்கு ஒப்படைத்துவிட்டு, "நல்லாப் போடு. ஃபைனல் மேட்ச்" என்றார். நன்றாகத்தான் போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக யாருக்கும் போட்டதில்லை.

டாக்டரம்மா வந்தார். மூத்தவர் வந்தார். நான் வழக்கம்போல் விளக்குக்குப் பின்னால் நின்றேன்.

"எல்லாமே பச்சை" என்றார் டாக்டரம்மா. "ஐயாவைப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு. இவ்வளவு நல்லா இருக்கும்போது வாராவாரம் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நினைக்கறேன். இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை பேசினா போதும்."

"அப்போ சரிப்பா" என்றார் மூத்தவர். "நீங்க அங்கயே இருங்க. நான் இனிமே அந்தப் பேச்சை எடுக்கலை."

மாமா ஜெயித்துவிட்டார். திரையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். கேமராவுக்குத் தெரியாத இன்னொரு கை மேஜைக்குக் கீழே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடி இறுகுவதை நான் பார்த்தேன். விரல் முட்டிகளில் ஊதா போட மறந்திருந்தேன். அவை மஞ்சளாக இருந்தன. இந்த மனிதர் நாளைக்கு எந்த ஆஸ்பத்திரிக்கும் வரப்போவதில்லை என்று அந்தக் கை சொன்னது. நாளைக்கும் ஒரு ஜோக் சொல்வார். நானும் சிரிப்பேன். மூன்று மாதம் சிரிப்போம்.

"அப்போ வெச்சுடட்டுமா?" என்றார் டாக்டரம்மா.

"ஒரு நிமிஷம்" என்றேன்.

கல்யாணம் முடிந்து களைத்துப் போய் வரும் பெண்களுக்கு மேக்கப்பைக் கலைத்துவிடுவதும் என் வேலைதான். பஞ்சை எடுத்துக் கோல்டு க்ரீமில் தோய்த்தேன். விளக்குக்கு முன்னால் வந்து, மாமாவின் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பாகத் துடைத்தேன்.

"பவுடர்" என்றார் மெதுவாக. "வேண்டாம்."

இன்னொரு பஞ்சை எடுத்தேன். க்ரீம் அவர் சட்டையில் வழிந்தது. அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. அந்தப் பெண்கள் மாதிரியே அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு தானாகவே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

டாக்டரம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்தார். "அந்த விளக்கை அணைங்க" என்றார். "ஜன்னலைத் திறங்க."

திறந்தேன்.

"என்னாச்சு?" என்றார் மூத்தவர். "நெட் பிரச்சினையா? எனக்கு இங்க கலர் மாறின மாதிரி தெரியுது. ஹலோ? டாக்டர், உங்களுக்கும் கலர் இப்படித்தான் வருதா?"

மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "சிவப்பு காட்டிட்டியே."

ஆஸ்பத்திரியில் கணையத்தில் கட்டி என்றார்கள். பித்தம் இறங்குகிற குழாயை அது நெரித்துவிட்டது. உள்ளே ஒரு சின்னக் குழாய் வைத்து வழி செய்தார்கள். அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். "முன்னாடியே வந்திருந்தா?" என்று அங்கிருந்த பெரிய டாக்டரைக் கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "இந்த நோய்ல அதை உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஒருவேளை" என்றார். அந்த ஒருவேளையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். அதன்மேல் தடவ எங்கள் கடையில் எந்த நிறக் களிம்பும் கிடையாது.

திரையில் வரும் டாக்டரம்மா எனக்குத் தனியாக போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நின்றுகொண்டே எடுத்தேன். "நான் முதல் வாரமே அந்த விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கணும்க்கா" என்றார். "நான்தானே அதை வெச்சேன்" என்றேன். "கறுப்புக் கண்ணாடியையாவது கழட்டச் சொல்லியிருக்கணும்." "நான்தானே வாராவாரம் தூசி துடைச்சுக் கொடுத்தேன்." கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சாப்பிட்ட பில்லுக்கு நான் நீ என்று மல்லுக்கட்டுகிறவர்கள் மாதிரி அந்தப் பழியைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். அப்புறம் அந்தப் பெண் அழுதுவிட்டது.

மூத்தவர் வந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். மாமாவைத் தன் ஊருக்கு, அந்தத் தோட்டம் உள்ள இல்லத்துக்கு ரயிலிலேயே கூட்டிக்கொண்டு போனார். ஸ்டேஷனில் படுக்கையை நடுப்பெட்டியில் போட்டிருந்தார்கள். "மொத்த சர்வீஸ்ல நடுப்பெட்டியில ஏறினதே இல்லை. இங்க இருந்தா ஒண்ணும் தெரியாதே" என்றார் மாமா. வண்டி நகரும்போது நான் கடைசிப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு இளைஞர் பச்சை காட்டினார்.

இப்போது வாடிக்கையாளர் இல்லாத மத்தியானங்களில் நானும் மாமாவும் டேப்லெட்டில் பேசுகிறோம். அங்கேயும் அதே கிளிப், அதே பட்டை; அவருடைய புள்ளி இப்போது என் திரையிலும் தெரியும். எடைப் பலகை மட்டும் இல்லை. வீடு பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று வந்தவர் முன்னறையைப் பார்த்து, "இந்தச் சுவரை இடிச்சா கார் நிறுத்தலாம்" என்றார். அவர் போனதும் அழைப்பு நேரம். வாஷ்பேசினில் முகத்தைக் கழுவி, கண்ணுக்குக் கீழே ஆரஞ்சு வைத்து, மேலே ஃபவுண்டேஷன் போட்டு, வட்ட விளக்கை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாமா திரையில் வந்தார். தலையணையில் சாய்ந்திருந்தார். மேக்கப் இல்லை. முகத்தில் எலும்புகள் மட்டும் ஒழுங்காக இருந்தன.

"எப்படி இருக்கேன்?" என்றார்.

"மோசமா இருக்கீங்க மாமா."

"நல்லது. இங்க எல்லாரும் பிரமாதம்கறாங்க. ஒருத்தனையும் நம்ப முடியலை." மூச்சு வாங்கினார். பிறகு திரையை உற்றுப் பார்த்தார். "இடது கண்ணுக்குக் கீழ ஆரஞ்சு கூடிப்போச்சு. அழுதியா?"

"இல்லை மாமா. வெங்காயம்."

"போய்த் துடைச்சுட்டு வா. அந்த விளக்கையும் அணை. நான் இருக்கேன்."

விளக்கை அணைத்துவிட்டு வாஷ்பேசினுக்குப் போனேன். க்ரீம் போட்டு, பஞ்சால் துடைத்து, தண்ணீர் அடித்துக் கழுவ எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஈர முகத்தோடு வந்து உட்கார்ந்தபோது மாமா வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார். போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. ஏறிய மாதிரியும் இருந்தது.

திரையின் மூலையில் புள்ளி பச்சையாக இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. போர்வையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.